காலாட்படையின் சுமை

களத்தில் நிற்கும் காலாள் எதைச் சுமக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவன் முடிவு செய்வதில்லை. அவனுக்கு நேரக்கூடிய தீங்குகளைத் தலைமையகத்தில் அமர்ந்து எண்ணிப் பார்ப்போர், தீங்குக்கு ஒன்றாகக் காப்புப் பொருள்களைச் சேர்க்கின்றனர்; சேர்த்த ஒவ்வொருவர் பக்கமும் நியாயம் இருக்க, மொத்த எடைக்கு மட்டும் பொறுப்பாளர் எவருமில்லை.

பொதிவிலங்குகளைக் குறைத்துப் படையின் விரைவைக் கூட்ட விழைந்த உரோமத் தளபதி மாரியசு, பொதியை வீரர்தம் தோளில் ஏற்றினார்; 'மாரியசின் கோவேறு கழுதைகள்' என்னும் ஏளனப் பெயர் அவர்களுக்கு நிலைத்தது. சுமை அன்று ஒழியவில்லை, இடம் மாறியது. 1982 மே 25 அன்று, ஃபாக்லாந்துப் போரில், அர்ஜென்டின ஏவுகணைக்கு 'அட்லாண்டிக் கன்வேயர்' கப்பல் இரையானபோது, அதிலிருந்த மூன்று சினூக் ஹெலிகாப்டர்களும் ஆறு வெசெக்ஸ் ஹெலிகாப்டர்களும் அழிந்தன. வானில் செல்லவிருந்த பிரிட்டிஷ் வீரர்கள் சேற்றிலும் புல்மேட்டிலும், ஏறத்தாழ 36 கிலோ சுமையுடன், மூன்று நாளில் 90 கிலோமீட்டர் அளவுக்கு நடந்தனர். அந்நடையைப் பிரிட்டன் இன்றும் போற்றுகிறது; போற்றத்தக்கதே. ஆயினும், கனரக ஹெலிகாப்டர்களை ஒரே கப்பலில் நம்பி ஏற்றிய ஏற்பாட்டுக்கான விலையைச் செலுத்தியவை அவ்வீரர்களின் முதுகுகளே.

2003 இல் ஆப்கானிஸ்தானத்தில் அமெரிக்க வான்குடைப் படையினரின் பொதிகளை எடைபோட்டனர். நடைச்சுமை 33 கிலோவைத் தாண்டலாகாது என நெறிநூல் வகுத்திருக்க, சராசரியோ 46 கிலோ. பொதியைப் பிரித்தாலும் வீண்பொருள் என்று ஒன்றைச் சுட்டுவது அரிது. மார்பிலும் முதுகிலும் பீங்கான் தகடு. தலா 30 தோட்டாக்கள் கொண்ட மேகசின்கள். வானொலிக்கும் இரவுநோக்கிக்கும் மின்கலங்கள், அவற்றுக்கு மாற்று மின்கலங்கள். லிட்டருக்கு ஒரு கிலோ என நீர். வண்டி ஏறாத மலையில் நாளை நீர் வரும் என்று யார் உறுதி கூறுவார்? ஆகவே அவன் சுமக்கிறான். ஆனால் மூச்சிரைக்க மேட்டை எட்டியவன் குறிபார்த்துச் சுடுவது எங்ஙனம்?

1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையை நெருங்கியோருள் சிலர், குண்டு தீண்டாமலேயே, பொதியின் கனத்தால் நீரில் மூழ்கினர். அச்சமும் உழைப்பைப் போலவே உடலின் வலுவை உறிஞ்சும் எனக் கண்ட அமெரிக்கப் போர் வரலாற்றாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல், வீரனின் சுமை குறித்து 1950 இல் தனி நூலே எழுதினார். படைத்தலைவர்கள் அதைப் படித்தனர். எடையோ மேலும் கூடியது.

எனவே, புதிய கருவியொன்றைக் காலாட்படைக்கு வழங்கும் ஆணையில் கையொப்பமிடுவோர், அதற்கு ஈடாக எது இறக்கப்படும் என்பதையும் அதே தாளில் எழுதக் கடமைப்பட்டவர்கள். எழுத இயலாதெனில், அதைக் களத்துக்குக் கொண்டுசேர்க்கும் விலங்கையோ ஊர்தியையோ அவர்களே அளிக்கட்டும்.