புள்ளியை விழுங்கும் பலகை

தமிழெழுத்தின் உயிர்நிலை யாது எனின், அது புள்ளி என்க. ஒரு சிறு குற்று நீங்கின் மெய் உயிர்மெய்யாகும், சொல் பிறழும், பொருள் சிதையும். 'பல்' என்பது 'பல' ஆகும். 'கல்' என்பது 'கல' ஆகும். மெய்க்கு இயல்பு புள்ளியொடு நிற்றல் என்றும், எகர ஒகரக் குறில்களும் அவ்வாறே புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியர் நூன்மரபில் வகுத்துரைத்தார். இத்துணை வலிமை வாய்ந்த புள்ளி இற்றை நாளில் கண்ணாடித் திரைமேல் எழுதும் கோலினால் விழுங்கப்படுகின்றது என்பதை எத்துணைத் தமிழர் எண்ணிப் பார்த்தனர்?

சென்னை அசோக் நகரின் சாலைக் கூடலில் அரிமா முகடு தாங்கிய தூண் ஒன்று நிற்கின்றது. மோரிய வேந்தன் அசோகன் நாட்டிய கற்றூண்களை நினைவூட்டுவது அது. அவ்வேந்தன் காலத்துக் கற்களில் உளி செதுக்கிய பிராமியில் தனிமெய்க்குப் புள்ளி இல்லை. ஓரெழுத்தின் கீழ் மற்றோரெழுத்தை அடுக்கும் கூட்டெழுத்தே உண்டு. தமிழர் அவ்வடுக்கினை ஏற்றாரல்லர். மெய்யின் தலைமேற் புள்ளியிட்டு ஒவ்வோர் ஒலியையும் தனித்து நிறுத்தினர். வடபுல எழுத்துகள் இன்றும் கூட்டெழுத்துச் சுமையைத் தாங்கி நிற்க, தமிழ் எளிமையாய் நிற்றற்கு இப்புள்ளியே கரணியம். இன்று அத்தூணைச் சுற்றியுள்ள வீடுகளில் உளியும் கல்லும் இல்லை. மின்கோலும் பலகைக் கணினியும் புகுந்துள்ளன. கருவி மாறிற்று, வினா மாறவில்லை. எழுத்துக்குக் கருவியா, கருவிக்கு எழுத்தா?

கருவிக்கு எழுத்தை வளைத்ததனால் நேர்ந்த கேட்டினை வரலாறு காட்டும். ஓலையில் எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை பொத்துப்போகும் என அஞ்சி, ஏடெழுதுவோர் புள்ளியை விடுத்தனர். அதனால் மெய்யும் உயிர்மெய்யும் மயங்கின. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் மயங்கின. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் வகுக்க நேர்ந்தது அம்மயக்கத்தைத் தீர்த்தற்கே. பின்னர் ஈயவச்சும் தட்டச்சும் வந்தன. அவற்றின் எளிமையையும் முன்னிட்டு, 1935 முதல் பெரியார் தம் இதழிற் கையாண்ட சீர்திருத்தத்தினின்று 13 எழுத்து வடிவங்களை 1978 ஆம் ஆண்டு தமிழக அரசு ஆணையிட்டு ஏற்றது. ஓலைக்கும் ஈயத்திற்கும் அன்று வேறு வழி இல்லாதிருக்கலாம். எவ்வடிவத்தையும் வரையவல்ல கணினிக்கு அச்சாக்கு இல்லை.

ஆயினும் நிகழ்வது யாது? பலகைக் கணினிக்கென விண்டோசின் தனிப் பதிப்பு 2002 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்பின் எழுதுகோல் பலவாறு வளர்ந்துள்ளது. 2014 இல் வந்த சர்பேசுப் பலகையின் கோல் 256 அழுத்தப் படிகளை உணர்ந்தது. 2017 இல் வந்தது 4096 படிகளை உணர்ந்தது. விற்போர் இவ்வெண்ணையே பறையறைவர். தமிழுக்கு வேண்டுவது வேறு. கோல் திரையைத் தொட்டது எனக் கணினி முதன்முதல் உணர்தற்கு எத்துணை அழுத்தம் வேண்டும் என்பதே இங்குக் கேள்வி. கோடிழுக்கும்போது கை அழுந்துகின்றது; புள்ளியிடும்போது நுனி பட்டும் படாமலும் மீள்கின்றது. அம்மென்தொடுகையை உணராத கோல் புள்ளியை விழுங்கும். மாறாகச் சற்றே ஊன்றி வைப்பின், அதனை எழுத்தெனக் கொள்ளாது கட்டளையெனக் கொண்டு, வலச்சொடுக்கிற்குரிய பட்டியைத் திறந்துவிடுவதும் உண்டு.

இதற்கு மருந்து கணினியின் அமைப்புகளிலேயே உள்ளது, தேடுவார்தாம் இல்லை. கோலின் அழுத்த உணர்வினைக் கூட்டவும் குறைக்கவும் செயலி தருவோர் உளர். அதில் மென்மையான படியைத் தெரிதல் வேண்டும். அழுத்திப் பிடித்தால் வலச்சொடுக்கு என்னும் அமைப்பினை நிறுத்திவிடல் தகும். கோல் எழுதும்போது விரலின் தொடுகையைப் பொருட்படுத்தாதே என்னும் தெரிவினை இயக்கின், உள்ளங்கை பட்டுத் தாறுமாறாகக் கோடு விழுவது நீங்கும். எக்கையால் எழுதுவது என்பதையும் குறித்தல் வேண்டும். இன்றேல் பட்டிகள் கையின் கீழேயே திறந்து மறையும். கோல்நுனி ஓரிடத்திலும் மை ஓரிடத்திலும் விழுமாயின், திரையை அளவொப்புச் செய்யும் கருவியும் விண்டோசில் உண்டு. புள்ளி மெய்யின் தலைமேல் விழாது அடுத்த எழுத்தின் தலைமேல் விழின் அதனாற் பயன் என்ன?

எழுதுவதில் மட்டுமன்று, படிப்பதிலும் புள்ளிக்கு இடர் உண்டு. விண்டோசு தமிழெழுத்தினை முதன்முதல் ஏற்றது 2000 ஆம் ஆண்டில். அன்று லதா என்னும் எழுத்துரு வந்தது. 2012 இல் விண்டோசு 8 உடன் நிர்மலா என்னும் எழுத்துரு வந்தது. எழுத்துரு எதுவாயினும் சிறுதிரையில் நூறு விழுக்காட்டு அளவில் வைத்துப் படிப்பின் புள்ளி தூசாய்த் தேயும். ணகர னகரச் சுழிகள் ஒன்றாய்க் குழம்பும். காட்சியளவை நூற்றைம்பது விழுக்காடாக உயர்த்துதலும், எழுத்தளவை மட்டும் தனியே பெருக்குதலும் எளிய செயல்களே. எழுத்தின் கூர்மையைச் சீர்செய்யும் கருவியோ ஆங்கில மாதிரிகளைக் காட்டி, 'எது தெளிவு?' என்று வினவுகின்றது. ஆங்கிலத்திற்குத் தெளிவானது தமிழுக்கும் தெளிவானதாய் இருத்தல் வேண்டும் என்பது இல்லை. தமிழ்ப் பக்கம் ஒன்றனைத் திறந்து வைத்து ஒப்பிட்டுத் தெரிவதே முறை.

'இவை சிற்றமைப்புகள், இவற்றிற்கு இத்துணைப் பேச்சா?' என்பார் உளர். பெட்டியைத் திறந்தவாறே விடப்படும் அமைப்பு நடுநிலையானது என அவர் எண்ணுகின்றனர். அஃது அன்று. செய்தோன் எம்மொழிக்கு எண்ணிச் செய்தானோ அம்மொழிக்கே அது பொருந்தும். பொருந்தாக் கருவியைப் பொருத்திக் கொள்ளாதவன் நாளடைவில் தன் எழுத்தையே கைவிடுவான். தமிழை ஆங்கில எழுத்தாற் குறிக்கும் இழிவழக்கு இளையோரிடை பெருகியதற்கு இதுவும் ஓர் ஏது. கருவி இடர் தந்தது. எழுத்தின்மேற் பழி விழுந்தது!

பொருத்தவியலாது என்பதும் பொய். 1999 இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் வழிப் பிறந்த தமிழ் 99 விசைப்பலகையில், ஒரே மெய்யை இருமுறை தட்டின் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். தமிழின் இயல்பறிந்து செய்ததன் பயன் அது. 247 எழுத்துகளையும் கிரந்தத்தையும் 156 வடிவங்களுள் அடக்கி, கையெழுத்தைக் கணினி உணர்தற்கான தரவினை 2006 அளவிலேயே பெங்களூர் ஆய்வகம் ஒன்று தொகுத்து வழங்கியது. 2015 இல் கூகுள் வெளியிட்ட கையெழுத்து உள்ளீட்டுச் செயலியிலும் தமிழ் இடம்பெற்றது. வேண்டுவது அறிவன்று, கேட்கும் வாய்.

ஆகலின், பள்ளிக்கோ அலுவலகத்திற்கோ வீட்டிற்கோ எழுதுகோற் பலகை வாங்குவோர் ஓர் ஆய்வினைச் செய்க. கடையிலேயே கோலை எடுத்துப் பதினெட்டு மெய்யெழுத்துகளையும் வழக்கமான விரைவில், சிறிய அளவில் எழுதுக. பதினெட்டுப் புள்ளிகளும் நின்றனவா என எண்ணுக. பதினேழே நிற்பின் அமைப்பினைத் திருத்தி மீண்டும் எழுதுக. திருத்தியும் நில்லாதாயின் அப்பலகையை விற்போனிடமே விட்டு வருக. அரசு விடுக்கும் ஒப்பந்தங்களிலும் இவ்வாய்வு ஒரு விதியாகட்டும். விலைகொடுத்து வாங்குவோன் கேளாததை விற்போன் தருவதில்லை.