சொத்தைப் பல்லும் சங்கத்தின் கடமையும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் நாம், பேரேட்டில் ஏறாத ஒரு நஷ்டத்தை அங்கத்தினர்களின் வாயில் காண்கிறோம். நாற்பது வயதிலேயே கடைவாய்ப் பற்களை இழந்து, ஒரு பக்கமாக மென்று உண்ணும் நெசவாளரும் விவசாயியும் அநேகர். “வலித்தது, பிடுங்கிவிட்டேன்” என்பதே அவர்கள் கூறும் விவரம்.

பல்லில் பூச்சி விழுந்தது என்கிறோம். அங்கே பூச்சி ஏதும் இல்லை. பல்லிடுக்கில் தங்கும் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் நுண்கிருமிகள் அமிலமாக்க, அவ்வமிலம் பல்லை அரிக்கிறது. மேலோட்டில் இருக்குமட்டும் வலி தெரியாது. உட்புறம் சென்றால் குளிர்ந்த நீருக்குக் கூசும். அதுவரையில் அழுகியதைச் சுரண்டி அடைத்தால் பெரும்பாலும் பல் பிழைக்கும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்துவிட்டாலோ, வேர்ச் சிகிச்சையும் அதன்மேல் உறையும் தேவைப்படும், செலவு பன்மடங்கு. பாகூர் ஏரிக்கரையில் எலிவளையைக் கண்ட அன்றே அடைக்கும் நம் விவசாயி, தம் வாயிலுள்ள வளையைக் கிராம்புத் தைலத்தை நம்பி விட்டுவைக்கிறார். தைலம் வலியைத் தணிக்கும், குழியை மூடாது.

இதை அறியாமை என்று மட்டும் சொல்ல நமக்கு மனமில்லை. கோரிமேட்டிலுள்ள அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனத்துக்குத் தறியை நிறுத்திவிட்டுப் போய்வந்தால் அன்றைய கூலி போயிற்று. வேர்ச் சிகிச்சைக்குப் பலமுறை செல்ல நேரலாம். பிடுங்குவதற்கோ ஒரே நடை. கூலிக்கு நெய்பவர் கணக்கில் பிடுங்குவதே லாபமாகத் தோன்றுகிறது. பக்கத்துப் பல் காலியிடத்தில் சாய்வதும், எதிர்ப்பல் நீண்டு இறங்குவதும் பின்னால் வரும் வட்டி.

ஆகவே சிகிச்சைதான் சங்கத்தைத் தேடி வரவேண்டும். அதற்கு வழியும் உண்டு. 1980களில் டான்சானியாவில் உருவான ஒரு முறையில், மின்சாரமும் துளைக்கருவியும் இன்றிக் கைக்கருவிகளாலேயே அழுகலைச் சுரண்டி, கிளாஸ் அயனோமர் என்னும் பசையால் அடைக்கிறார்கள். அப்பசை பல்லோடு தானே ஒட்டும். புளோரைடையும் சிறிது சிறிதாக விடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பெரிய குழிகளில், மெல்லும் பாரம் விழும் இடத்தில், அது சீக்கிரம் தேயும் என்பதையும் மறைக்கமாட்டோம். அங்கே பல் நிறக் காம்போசிட் உறுதியானது. ஆனால் எச்சில் படாமல் வைக்கவேண்டும், செலவும் கூடுதல். பழைய வெள்ளி அடைப்பு நெடுநாள் உழைப்பது. அதில் பாதரசம் இருப்பதால் 2013இன் மினமாட்டா உடன்படிக்கை அதன் உபயோகத்தைக் குறைக்கச் சொல்கிறது. இந்தியா 2018இல் அதை ஏற்றது. முன்பே வெள்ளி அடைத்துக்கொண்டவர்கள் அஞ்சிப் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை.

பல் மருத்துவக் கல்லூரிகள் கிராமங்களில் முகாம் நடத்துவது புதிதன்று. ஆனால் வாயைப் பார்த்து, ஒரு பிரஷும் சீட்டும் கொடுத்து அனுப்பும் முகாமால் அங்கத்தினருக்கு அதிகப் பயனில்லை. அந்தச் சீட்டு அரைஞாண் பையிலேயே நைந்துபோகிறது. சிறு குழிகளை அங்கேயே, அன்றே அடைத்துத் தரும் முகாமாக வேண்டும் என்று சங்கங்கள் எழுத்துமூலம் கேட்கவேண்டும். பெருங்குழி உள்ளவர்களை ஒரே நாளில் ஒரே வண்டியில் கோரிமேட்டுக்கு அழைத்துச் செல்லும் செலவைப் பொதுநல நிதியிலிருந்து கொடுக்கலாம். உபவிதிகள் இடம் தராவிட்டால் பொதுக்குழுவில் திருத்தம் கொண்டுவரலாம்.

தீபாவளிச் சரக்கு நெய்யும் மாதங்களில் எவரும் வரமாட்டார்கள். சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனியே இருவருக்கும் தோதானது.