கடிக்கும் நாயும் கற்ற வைத்தியரும்

வீட்டில் வளரும் நாய் வீட்டாரையே சீறிக் கடிக்கத் தொடங்கினால், நம்மவர் செய்யும் காரியங்கள் பெரும்பாலும் மூன்று. முதலில் தடியை எடுப்பார்கள். பிறகு சங்கிலியைக் குறுக்குவார்கள். அதுவும் பலிக்காவிடில், ஓர் இரவில் வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருவார்கள். இம்மூன்றும் பயனற்றவை மட்டுமல்ல, அபாயகரமானவை என்பதே நமது கட்சி. நாலாவது வழி ஒன்று உண்டு. அது, அறிந்தவரை நாடுதல். அல்லிநகரம் வாசிகளுக்கும் கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கும் இதை நாம் விசேஷமாக எடுத்துரைக்கக் காரணம் இருக்கிறது.

உத்தமபாளையம் தாலூகாவில் மலையடிவாரத்திலுள்ள கோம்பை, தன் பெயரையே ஒரு நாய் ஜாதிக்கு அளித்த ஊர். செம்பழுப்பு மேனியும் கறுத்த முகவாயும் கொண்ட அந்நாய், வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது. 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பிரதம மந்திரி தமது வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகியவற்றோடு கோம்பையையும் புகழ்ந்தபோது நாமும் பெருமிதம் கொண்டோம். ஆனால் பெருமை வேறு, பராமரிப்பு வேறு. அந்நியரை எதிர்த்து நிற்கும் குணத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட பிராணியைச் சந்து வீட்டில் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு, அது சீறுகிறதே என்று வியப்பது என்ன நியாயம்?

நாய் கடிப்பது பெரும்பாலும் திமிரினால் அன்று. அச்சத்தினாலோ வலியினாலோ ஆகும். காதில் சீழ், பல்லில் புண், மூட்டில் வாதம் இவற்றுள் ஏதேனும் இருந்தால், தொட்ட கையைக் கடிப்பது இயல்பே. வாய் பேசாத பிராணி தன் நோயைப் பல்லால் சொல்லுகிறது. ஆகவே முதலில் போகவேண்டிய இடம் கால்நடை வைத்தியசாலை. சாதுவாயிருந்த நாய் திடீரெனக் குணம் மாறினால் வெறிநோயோ என்றும் சந்தேகிக்க வேண்டும். கடிபட்டவர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்நோய் கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது.

உடலில் நோயில்லையென்றால், குணத்தை ஆராய வேண்டும். பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எவற்றோடு பழகுகிறதோ, அவற்றையே பிற்காலத்தில் அஞ்சாது ஏற்கும் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான ஸ்காட், புல்லர் இருவரும் 1965-இல் விளக்கினர். அப்பருவத்தில் மூலையில் அடைபட்டுக் கிடந்த குட்டிக்கு, வளர்ந்தபின் தபால்காரரும் குழந்தையும் சத்துருவாகத் தோன்றுவது ஆச்சரியமன்று. அதைத் தடியால் திருத்த முயல்வது மடமை. உறுமியதற்காக அடிபட்ட நாய் உறுமுவதைத்தான் விடும்; கடிப்பதை விடாது. எச்சரிக்கை போய், கடி மட்டும் மிஞ்சும்!

அறிந்தவர் செய்வது வேறு. எதைக் கண்டு, எவ்வளவு தூரத்தில் நாய் மிரள்கிறதென்று முதலில் கேட்டறிவார். மிரளாத தூரத்தில் அதை நிறுத்தி, விருப்பமான தீனியளித்து, நாளடைவில் தூரத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பார். அவசியமானால் வைத்தியர் மருந்தும் கொடுப்பார். அதுவரை குழந்தைகளை விலக்கி வைப்பதும், நாயை வாய்ப்பூட்டுக்குப் பழக்குவதும் வீட்டார் கடமை. எல்லா நாயும் முற்றிலும் குணமாகும் என்று நாம் கூறவில்லை; ஆகாததை ஆகாதென்று சொல்லவும் அறிந்தவரே வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கால்நடை வைத்தியர் 1984-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு பெற்றவர். நாய்ப் பயிற்சியாளருக்கோ அத்தகைய கட்டாயப் பதிவு இல்லை. ஒரே வாரத்தில் அடக்கித் தருகிறேன் என்பவரையும், பயிற்சியை எஜமானன் பார்க்கக்கூடாது என்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மனிதருக்கே மனோ வைத்தியர் போதாத நாட்டில் நாய்க்கு மனோ வைத்தியமா என்று சிலர் நகைக்கலாம். கடிபடுவது மனிதக் குழந்தையல்லவா என்று அவர்களைக் கேட்கிறோம். சட்டமும் வாளாவிருக்கவில்லை. எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை உலாவவிடாமல் புறக்கணிப்பது 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தன் பிராணியால் பிறருக்கு அபாயம் நேராதபடி காவாதவருக்குப் பாரதிய நியாய சம்ஹிதையின் 291-ஆம் பிரிவு 6 மாதச் சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆயினும் வழி காட்டாமல் தண்டிப்பது மட்டும் போதுமா?

சென்னையில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடந்துவருகிறது. இன்று தேனியிலேயே ஒன்று இருக்கிறது. வாரத்தில் ஒரு நாளேனும் நாய்களின் குணக்கோளாறுகளுக்கென்று தனியே ஒதுக்கி, அக்கல்லூரி எளியவர்க்கும் ஆலோசனை வழங்க வேண்டும். நகரசபையும் அதை ஜனங்களுக்கு அறிவிக்க வேண்டும். கோம்பை நாயை உலகுக்கு அளித்த ஜில்லாவில், அதன் மனத்தை அறிந்த வைத்தியம் வேரூன்றுவதே பொருத்தமாகும். தடியைக் கீழே வையுங்கள். வைத்தியர் வாசலுக்கு நடவுங்கள்.