இணையம் எல்லார் கைக்கும் எட்ட வேண்டும்

கிள்ளானில் இருக்கும் ஒருவர் பிரிக்பீல்ட்சில் இருக்கும் தம் உறவினருக்குத் திறன்பேசி வழி ஒரு நிழற்படத்தை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும், அந்தப் படம் நேராக அங்குப் போய்ச் சேர்வதில்லை. முதலில் அது சிறு சிறு தகவல் பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அப்பொதிகள் கம்பிவடங்கள் வழியாகச் சேவைக் கணினி ஒன்றை அடைகின்றன. அக்கணினி கடல் கடந்து வேறொரு நாட்டிலும் இருக்கலாம். அங்கிருந்து திரும்பி வரும் பொதிகள், உறவினரின் திறன்பேசியில் மீண்டும் ஒன்றுசேர்ந்து படமாகின்றன. இவையனைத்தும் ஓரிரு நொடிகளில் நடந்து முடிகின்றன. உலகெங்கும் உள்ள கணினிகளையும் கைப்பேசிகளையும் இவ்வாறு பிணைக்கும் வலையமைப்பே இணையம் ஆகும்.

1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், லாஸ் ஏஞ்சலசில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கணினியிலிருந்து ஸ்டான்போர்டு ஆய்வு நிலையத்தின் கணினிக்கு முதல் செய்தி அனுப்பப்பட்டது. இணையத்தின் தொடக்கம் அதுவே. 1989ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிவியலாளர் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993ஆம் ஆண்டு அந்த வலை, கட்டணம் ஏதுமின்றி அனைவரும் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. மலேசியாவில் 1990களின் தொடக்கத்தில் மைமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் சேவை வழியாக இணையம் அறிமுகமானது.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களின் அன்றாட வாழ்வில் இணையம் இரண்டறக் கலந்துவிட்டது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் உள்ள கடைகளில் பூச்சரம் வாங்கினாலும் துணிமணி வாங்கினாலும் கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தலாம். கோலாலம்பூர் சென்ட்ரலுக்குச் செல்லும் கொமுட்டர் இரயிலின் நேரத்தை வீட்டிலிருந்தே அறியலாம். வருமான வரிப் படிவத்தை இணையத்திலேயே நிரப்பி அனுப்பலாம். 2023ஆம் ஆண்டு முதல், வாகனமோட்டும் உரிமத்தையும் சாலை வரியையும் மைஜேபிஜே குறுஞ்செயலியிலேயே காட்ட முடிகிறது. மாணவர்கள் டெலிமா தளத்தில் பாடம் பயில்கின்றனர்.

இவ்வளவு வசதிகள் இருந்தும், இவற்றை எல்லாரும் ஒன்றுபோல் அனுபவிக்கின்றனரா என்பதே சிந்திக்க வேண்டிய கேள்வி. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அதன்பின், கடைக்குள் நுழையக்கூட மைசெஜாத்ரா குறுஞ்செயலி தேவைப்பட்டது. திறன்பேசியைக் கையாளத் தெரியாத முதியோர் பலர் வாசலில் தயங்கி நின்றனர். பிறர் உதவியை எதிர்பார்த்தனர். இணையம் அறியாதவருக்கு அன்றாட வாழ்வின் கதவே பாதி மூடிக்கொள்ளும் என்பதை அக்காலம் உணர்த்தியது.

இம்முதியோருள் பலர் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை முடித்துக்கொண்டு வேலைக்குச் சென்றவர்கள். அவர்களுக்கு நன்றாக வாசிக்கத் தெரிந்த எழுத்து தமிழ் எழுத்து. ஆகையால், இணையத்தில் தமிழ் இருந்தால்தான் அவர்களுக்கும் அதில் இடம் உண்டு.

அந்த இடம் தானாக அமைந்துவிடவில்லை. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரைச் சேர்ந்த நா. கோவிந்தசாமி 1995ஆம் ஆண்டு தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். அந்நாளில் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு வகையான எழுத்துருவைப் பயன்படுத்தியது. ஒருவர் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம், மற்றவரின் கணினித் திரையில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. இச்சிக்கலைத் தீர்க்கவே அறிஞர்கள் கூடினர். தமிழ் இணைய மாநாடுகள் 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் 2001இல் கோலாலம்பூரிலும் நடைபெற்றன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறை நாளடைவில் நிலைபெற்றது. 2005ஆம் ஆண்டு முத்து நெடுமாறனின் செல்லினம் கைப்பேசிக்கும் தமிழைக் கொண்டுவந்தது. இன்று ஒருவர் தமிழில் தட்டெழுதும் செய்தி, உலகின் எந்த மூலையிலும் அதே தமிழாகவே தெரிகிறது.

இத்தனை பேர் பாடுபட்டுத் திறந்துவைத்த வழியை இன்றைய மாணவர்கள் பலர் பயன்படுத்துவதில்லை. புலனத்தில் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளால் தட்டெழுதுகின்றனர். அது விரைவாக இருக்கிறது என்பது அவர்களின் வாதம். நண்பர்களுக்கிடையே அது செல்லுபடியாகலாம். ஆனால், அதே செய்தி குடும்பக் குழுவில் வரும்போது பாட்டியால் அதனைப் படிக்க முடிவதில்லை. பேரப்பிள்ளை எழுதியதை இன்னொருவர் படித்துச் சொல்லக் கேட்க வேண்டியிருக்கிறது. தமிழ் விசைப்பலகையைப் பழகச் சில நாள் பயிற்சியே போதும். அதனால் பாட்டிக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியோ பெரிது.

எழுத்தைப் போலவே எச்சரிக்கையும் அவர்களைச் சென்றடைய வேண்டும். காவல் துறையிலிருந்தோ வங்கியிலிருந்தோ அழைப்பதாகக் கூறி, மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பெருகியுள்ளன. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி. மோசடிக்காரர்கள் எதிரில் இருப்பவரை அவசரப்படுத்துவது அதனால்தான். கடவுச்சொல்லையும் டேக் எண்ணையும் யாரிடமும் கூறக்கூடாது. பணம் அனுப்புமுன், அந்த வங்கிக் கணக்கு எண்ணைக் காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் சரிபார்க்கலாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கிக்கோ 997 என்ற எண்ணுக்கோ அழைக்க வேண்டும். இந்த எண்ணில் தேசிய மோசடி மறுமொழி மையம் 2022ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இந்த மூன்று இலக்கங்களும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

வயதானவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது வீண் வேலை, பிள்ளைகளே அவர்களுக்காகச் செய்து கொடுத்துவிடலாம் என்று சிலர் கூறுவர். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. தாத்தாவின் கடவுச்சொல்லைப் பேரன் வைத்திருப்பது வசதிபோல் தோன்றலாம். ஆனால், பேரன் பள்ளிக்குச் சென்றிருக்கும் வேளையில் அழைப்பு வந்தால் தாத்தா என்ன செய்வார்? மேலும், தம் பணத்தையும் தம் ஆவணங்களையும் தாமே கையாள்வது ஒருவரின் தன்மதிப்பைச் சார்ந்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கவும் தேவையில்லை. இன்று காணொலி அழைப்பை ஏற்பது, அடுத்த வாரம் மருத்துவமனைச் சந்திப்பு நாளைப் பார்ப்பது என்று படிப்படியாகப் பழக்கலாம். திறன்பேசியைப் பிடுங்கித் தாமே அழுத்திக் காட்டாமல், பெரியவரின் விரலாலேயே அழுத்தச் செய்வது சிறந்த முறை.

ஆகவே, இணையத்தில் எத்தனை மணி நேரம் செலவிடுகிறோம் என்பது நம் திறமைக்கு அளவுகோல் ஆகாது. அதனால் எத்தனை பேருக்குப் பயன் விளைந்தது என்பதே அளவுகோல். கைப்பிடித்து 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள் வீட்டுப் பெரியவர்கள். அதே எழுத்தைத் திறன்பேசியில் தொட்டு எழுத அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது இளையோரின் கடமையாகும்.