ஃபார்மேட் அடிச்சுரலாம் தம்பி!

லேப்டாப் ரிப்பேர் கடைக்கு ஒரு தடவையாவது போயிருந்தா இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க. ஆன் ஆகுது, ஆனா லோகோவோட நின்னுருதா? ஃபார்மேட். நீலத் திரை வருதா? ஃபார்மேட். ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருக்கா? ஃபார்மேட்தான், வேறென்ன. எந்த வியாதின்னு போனாலும் ஒரே கலர் மிக்சரை ஊத்திக் கொடுக்கிற கம்பவுண்டரைப் பத்தி எங்க தாத்தா கதை கதையாச் சொல்லுவார். அந்த மிக்சரைக் குடிச்சவனுக்குக் குறைஞ்சபட்சம் பழைய ஞாபகம் எல்லாம் அப்படியே இருக்கும். இங்க அதுவும் இருக்காது.

என் கட்சி இதுதான்: பூட் ஆகாத லேப்டாப்பைப் பார்த்த அடுத்த நிமிஷமே ஃபார்மேட்னு சொல்றது வைத்தியம் இல்லை, வைத்தியம் பார்க்காமத் தப்பிக்கிற வழி. நான் பி.காம். படிக்கிறவன், எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா என்ன பண்ணுவோம்? வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்ல ஓரமா வச்சுட்டு, எந்த லெட்ஜர்ல போஸ்டிங் விட்டுப்போச்சு, எங்க கூட்டல் தப்புன்னு ஒவ்வொண்ணாத் தேடுவோம். பாதி நேரம் 54ஐ 45ன்னு எழுதியிருப்போம். (வித்தியாசம் 9ஆல வகுபட்டா முதல்ல நம்பர் இடம் மாறியிருக்கான்னு பாருன்னு முதல் வருஷமே சொல்லித் தர்றாங்க.) அதை விட்டுட்டு லெட்ஜரைக் கொளுத்திப் புது நோட்டு வாங்கினா கண்டிப்பா டேலி ஆகும். ரெண்டு பக்கமும் ஜீரோ!

இவ்வளவு கோவம் ஏன்னு கேக்கறீங்களா? சொந்தக் கதை ஒண்ணு இருக்கு.

எங்க அப்பா ஊர்ல சின்னதா எலெக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கார். கணக்கு எல்லாம் வீட்டு லேப்டாப்ல, டேலி பிரைம்ல. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அக்கா உட்கார்ந்து அன்னிக்கு பில் எல்லாம் ஏத்துவா. போன வருஷம் ஒருநாள் லேப்டாப்பை ஆன் பண்ணா லோகோ வருது, கீழ புள்ளிகள் வட்டமாச் சுத்துது, அப்புறம் நீலத் திரை, ரீஸ்டார்ட். மறுபடி லோகோ, புள்ளி, நீலம். மூணு தடவைக்கு மூணு விதமான எரர். அதுல ஒண்ணு 'மெமரி மேனேஜ்மென்ட்'. அக்கா புத்திசாலி, அதை போன்ல படம் எடுத்து எனக்கு அனுப்பிச்சா. நான் புத்திசாலி இல்லை, படத்தைப் பெரிசு பண்ணிக்கூடப் பார்க்காம அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போய் லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன்.

"ஓ.எஸ். அடிபட்டிருச்சு. ஃபார்மேட் அடிச்சுரலாம் தம்பி. 600 ரூபா."

"அண்ணே, உள்ள டேட்டா இருக்கு."

"எடுத்து வச்சுட்டுத்தான் போடுவோம். சாயங்காலம் வாங்க."

எடுத்து வச்சார், பொய் சொல்லலை. டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நாலும் அப்படியே திரும்பி வந்துச்சு. ஆனா டேலி பிரைம் நாமளா இடம் மாத்தி வைக்காத வரைக்கும் கணக்கை அந்த நாலுலயும் வைக்காது. சி டிரைவ்ல யூசர்ஸ், அதுக்குள்ள பப்ளிக், அதுக்குள்ள டேலி பிரைம், அதுக்குள்ள டேட்டான்னு ஒரு ஃபோல்டர்ல வைக்கும். கேக்கணும்னு அவருக்குத் தோணலை, சொல்லணும்னு எனக்குத் தெரியலை. பென்டிரைவ்ல இருந்த கடைசி பேக்கப் ரெண்டு வருஷம் பழசு. அது முழுக்க என் தப்பு, அதுல வாதாட ஒண்ணும் இல்லை.

ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டா வந்துரும்னு கிளாஸ்ல நாலு பேர் சொன்னானுங்க. அது பழைய ஹார்டு டிஸ்க்குக்கு. அதுல ஃபார்மேட் பண்ணாலும், மேல புதுசா எதையும் எழுதாத வரைக்கும் அடியில பழசு கிடக்கும். எஸ்எஸ்டி அப்படி இல்லை. இந்த இடமெல்லாம் இனி வேணாம்னு விண்டோஸ் ட்ரிம் கட்டளையை அனுப்பும், எஸ்எஸ்டி தன் பாட்டுக்கு அந்த இடத்தை வழிச்சுத் துடைச்சு வச்சுக்கும். வீட்டு லேப்டாப்ல இருந்தது எஸ்எஸ்டி.

சரி, டேட்டா போச்சு, வியாதியாவது போச்சா? 11 நாள். பன்னிரண்டாவது நாள் அதே நீலத் திரை. இந்தத் தடவை ஹாஸ்டலுக்கே எடுத்துட்டு வந்தேன். சீனியர் ஒருத்தர் அக்கா எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வேற வேற எரர் வந்தா விண்டோஸை விட ரேம் மேலதான் முதல் சந்தேகம் வரணும்னார். பின் மூடியைக் கழட்டி, பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, ரெண்டு ரேம்ல ஒண்ணை (ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாங்க கூடுதலாப் போட்டது) உருவினார். தங்கக் கலர்ல இருக்கிற கால்களை ரப்பரால லேசாத் தேய்ச்சு, தூளை ஊதிட்டு, டக்குனு சத்தம் வர்ற மாதிரி திரும்பச் சொருகினார். அதோட சரி. அன்னிக்கு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டினோம், ஒரு எரர் இல்லை. மொத்தச் செலவு ஒரு நடராஜ் ரப்பர்ல கால் மில்லிமீட்டர்.

இதுல மந்திரம் ஒண்ணும் இல்லை. லேப்டாப் ஆரம்பிக்கிறது ரிலே ரேஸ் மாதிரி. முதல்ல கரண்ட் வரணும். அப்புறம் மதர்போர்டுல இருக்கிற யூ.இ.எஃப்.ஐ. (நம்ம ஆளுங்க இன்னும் பயாஸ்னுதான் சொல்றாங்க) ரேம், டிஸ்ப்ளே, டிஸ்க் எல்லாம் இருக்கான்னு ஆஜர் எடுக்கும். அப்புறம் டிஸ்க்ல இருக்கிற பூட் லோடர், அதுக்கு அப்புறம்தான் விண்டோஸ். ஃபார்மேட் தொடறது இந்தக் கடைசி ஓட்டக்காரங்களை மட்டும்தான். முதல் ஆள் கையிலயே குச்சி விழுந்திருந்தா கடைசி ஆளை மாத்தி என்ன பிரயோஜனம்?

எங்க விழுந்துச்சுன்னு லேப்டாப்பே பெரும்பாலும் சொல்லிரும். லைட்டே எரியலையா, வேற சார்ஜர் வச்சுப் பாருங்க. இல்லைன்னா சார்ஜரைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிச்சு, மிச்சம் மீதி கரண்ட் வடிஞ்சதும் மறுபடி பாருங்க. ஃபேன் ஓடுது, திரை மட்டும் இருட்டா? மொபைல் டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, மங்கலாப் படம் தெரிஞ்சா போனது பேக்லைட். இல்லைன்னா எச்டிஎம்ஐ கேபிள்ல வீட்டு டிவியில மாட்டிப் பாருங்க. கேப்ஸ் லாக் லைட் விட்டு விட்டு மின்னுதா, பீப் பீப்னு கத்துதா? அது அழுகை இல்லைங்க, கணக்கு. எத்தனை தடவைன்னு எண்ணி அந்த மாடலோட மேனுவல்ல பார்த்தா எந்த பாகம்னே போட்டிருக்கும். லோகோ தாண்டி 'பூட் டிவைஸ் இல்லை'ன்னு வந்தா, பயாஸ்க்குள்ள போய் எஸ்எஸ்டி பேர் தெரியுதான்னு பார்க்கணும். தெரியலைன்னா ஃபார்மேட் எதை அடிக்கும், காத்தையா? :-)

விண்டோஸே கெட்டிருந்தாலும் ஃபார்மேட் கடைசிப் படிதான். ரெண்டு மூணு தடவை பாதியில செத்தா விண்டோஸ் 10, 11 தானாவே ரிப்பேர் திரைக்கு வரும். ஸ்டார்ட்-அப் ரிப்பேர், கடைசியா வந்த அப்டேட்டைத் தூக்கறது, சிஸ்டம் ரீஸ்டோர், சேஃப் மோட் எல்லாம் அங்கேயே இருக்கு. இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. 2012ல வந்த விண்டோஸ் 8ல இருந்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப் ஆன்ல இருந்தா 'ஷட் டவுன்' முழு ஷட் டவுன் இல்லை. கெர்னலை அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சுட்டுத் தூங்கிரும், மறுநாள் அதே கோளாறோட எந்திரிக்கும். உண்மையிலேயே முதல்ல இருந்து தொடங்க வைக்கிறது 'ரீஸ்டார்ட்'தான்.

சின்னக் கடைக்காரர் பாவம், இதெல்லாம் பெரிய கம்பெனி வேலைன்னு ஒருத்தர் சண்டைக்கு வருவார். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு தப்பான அப்டேட்டால உலகம் முழுக்க விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில விழுந்துச்சு. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம். நம்ம நாட்டு ஏர்போர்ட்லயே கையால போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தாங்க. அத்தனையையும் ஃபார்மேட்டா பண்ணாங்க? சேஃப் மோட்ல போய் டிரைவர்ஸ் ஃபோல்டர்ல சி-00000291னு ஆரம்பிக்கிற ஃபைலைத் தேடி அழிச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னுதான் வழி சொன்னாங்க. ஒரே ஒரு ஃபைல்! அன்னிக்கு யாராவது "ஓ.எஸ். அடிபட்டிருச்சு"ன்னு கிளம்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க.

இப்ப கடைக்காரர் பக்கமும் பேசிரணும், இல்லைன்னா அநியாயம். ஃபார்மேட்டுக்கு ஒரு விலை இருக்கு, நோய் என்னன்னு கண்டுபிடிக்கிறதுக்கு விலையே கிடையாது. அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ரேமைக் கழட்டி மாட்டி, "தூசிதான் தம்பி, 300 ரூபா கொடுங்க"ன்னா நாம கொடுப்போமா? "தூசி தட்டினதுக்கு 300ஆ?"ன்னு சண்டை போடுவோம். அதே ஆள் அரை நாள் வச்சிருந்து ஃபார்மேட் அடிச்சுக் கொடுத்தா 600 ரூபாயை மூச்சு விடாமக் கொடுத்துட்டு வர்றோம். பென்டிரைவைச் சொருகிட்டு அவர் நாலு லேப்டாப்புக்கு ஒரே நேரத்துல ஃபார்மேட் ஓட விடலாம், நாலு லேப்டாப்பை ஒரே நேரத்துல ஆராய முடியாது. எதுக்குக் காசு கிடைக்குதோ அதைத்தான் விப்பாங்க, இதுக்கு எகனாமிக்ஸ் பேப்பர் பாஸ் பண்ணணும்னு இல்லை. டாக்டருக்கு கன்சல்டிங் ஃபீஸ் கொடுக்கிற மாதிரி, பார்க்கிறதுக்குத் தனியா 200 ரூபா தர்றேன், என்ன கோளாறுன்னு மட்டும் முதல்ல சொல்லுங்கன்னு நாமதான் ஆரம்பிக்கணும்.

ஆனா வறுமையைக் காட்டி டேட்டாவை அழிக்கிறதை என்னால ஏத்துக்க முடியலை. உபுண்டு போட்ட ஒரு பென்டிரைவ்ல பூட் பண்ணி, 'ட்ரை'ன்னு கொடுத்து, சி டிரைவ் மொத்தத்தையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு எடுத்து வைக்கிறது பெரிய வித்தை இல்லை. நாலு ஃபோல்டர் இல்லைங்க, மொத்தமும். பிட்லாக்கர் பூட்டு இருந்தா 48 இலக்க ரெக்கவரி கீ வேணும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணியிருந்தா பெரும்பாலும் அங்க பத்திரமா இருக்கும். 2024ல வந்த 24எச்2ல இருந்து புதுசா விண்டோஸ் 11 போடற நிறைய மெஷின்ல இந்தப் பூட்டு கேக்காமலே விழுது, அதனால லேப்டாப் நல்லா இருக்கும்போதே அந்த நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுருங்க. டிஸ்க் கடக் கடக்னு சத்தம் போட்டா மட்டும் எதையும் ஓட்டாதீங்க, செக் டிஸ்க்கூட வேணாம். ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட நேராப் போங்க.

ரேமை மாட்டி சரியானதும் மனசு கேக்காம அந்தக் கடைக்கே திரும்பப் போனேன். சண்டை போடத்தான் போனேன். பேப்பர் பில் இருந்ததால தப்பிச்சோம், அக்கா மூணு மாசமா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எல்லாத்தையும் மறுபடி ஏத்திக்கிட்டு இருக்கான்னு சொன்னேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார், டீ சொன்னார். அப்புறம் "என்ன கோளாறு தம்பி, கண்டுபிடிச்சீங்களா?"ன்னு கேட்டார்.

"ரேம்ணே."

"அட, அப்படியா! அப்ப புது ரேம் ஒண்ணு போட்டுரலாமா?"