பாட்டுக்கு நாலு இஞ்ச் பைப்!

ஹார்டுவேர் கடைக்குப் போய் நாலு இஞ்ச் பி.வி.சி. பைப் 2 மீட்டர், எல்போ இரண்டு என்று கேட்டுப் பாருங்கள். "பாத்ரூமுக்கா சார், மொட்டை மாடிக்கா?" என்பார் கடைக்காரர். "பாட்டு கேட்க" என்றால் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். விஞ்ஞானம் உங்கள் பக்கம்.

ஸ்பீக்கர் என்பது முன்னும் பின்னும் ஆடுகிற ஒரு கூம்பு, அவ்வளவுதான். முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் இழுக்கும். நான் பி.காம். ஆசாமி, எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். முன்பக்கம் வரவு, பின்பக்கம் பற்று. ஸ்பீக்கரை வெறுமனே மேஜைமேல் வைத்தால் இரண்டும் கழிந்து பாக்கி பூஜ்யம். அதிலும் பேஸ் ஒலிதான் முதலில் அடிபடும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.4 மீட்டர். அவ்வளவு பெரிய அலைக்கு மூணு இஞ்ச் ஸ்பீக்கரைச் சுற்றி வந்து முன்பக்கத்தைக் கவிழ்ப்பது பெரிய காரியமா? ஆபீஸில் பாலன்ஸ் ஷீட் டேலி ஆனால் ஸ்வீட் உண்டு. இங்கே டேலி ஆனால் தபேலாவின் 'தும்' காலி!

ஆகவே பின்பக்கத்து ஒலியை எங்காவது அடைக்க வேண்டும். ஒரு காலத்தில் நம்மூர் டீக்கடைகளில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தியது சும்மா இல்லை. பானை, பெட்டி விவகாரத்தைச் சுத்தமான கணக்காக்கியவர்கள் இரண்டு பேர். 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் ஆரம்பித்தார். 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கினார். ஸ்பீக்கர் கம்பெனிகள் இன்றும் அந்த இருவர் பெயரில்தான் அளவுகளை அச்சடிக்கின்றன.

சரி, பைப்புக்கு என்ன விசேஷம்? பெட்டியின் தட்டைப் பலகை தானும் அதிர்ந்து கூடவே பாடும். உருண்டைக் குழாய் அழுத்தத்தைச் சுற்றிலும் சமமாகத் தாங்குவதால் லேசில் அசையாது. ஆசாரியைத் தேடி அலையவும் வேண்டாம். தவிர, புல்லாங்குழல் சமாசாரம் ஒன்று இருக்கிறது: குழல் நீண்டால் சுருதி இறங்கும். ஒரு முனை மூடிய 1 மீட்டர் குழாய் சுமார் 85 ஹெர்ட்ஸில் தானே முழங்கும். சின்ன ஸ்பீக்கர் மூச்சு வாங்குகிற இடத்தில் குழாய் கை கொடுக்கிறது.

செய்முறை: 1 மீட்டர் துண்டின் மேல் முனையில் எல்போ. அதன் வாய்க்குச் சரியாகப் பிளைவுட்டில் ஒரு வளையம் வெட்டி, அதில் மூணு இஞ்ச் ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர், முகம் உங்களைப் பார்க்க. இடுக்குகளை எம்-சீல் வைத்து அடையுங்கள். காற்று கசிந்தால் பேஸும் கசியும். பழைய தலையணையின் பாலியெஸ்டர் பஞ்சை மேல் பாதியில் தளர்வாக வையுங்கள். வேண்டாத 'ஙொய்' சத்தம் அடங்கும். கீழ் முனை திறந்தே இருக்கட்டும். தரையிலிருந்து இரண்டு இஞ்ச் உயரத்தில் மூன்று கட்டைகள் மேல் நிற்க வேண்டும். இதேபோல் இன்னொன்று. அறுக்கும்போது மூக்கில் கர்ச்சீப் கட்டுங்கள், பி.வி.சி. தூசி நல்லதில்லை. மூட்டுகளில் சொல்யூஷன் தடவாதீர்கள். பஞ்சைக் கூட்டிக் குறைக்கத் திரும்பக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஆம்ப்ளிஃபயருக்கு ரிச்சி தெருவில் பி.ஏ.எம்.8403 போர்டு கேளுங்கள். தீப்பெட்டியைவிடச் சின்னது. செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஓடும். பக்கத்துக்கு 3 வாட் வரை. இரண்டு ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர்களையும் ஒன்றாகக் கட்டாதீர்கள், போர்டு போய்விடும். ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் பிளஸ், மைனஸ் மாறினாலோ மறுபடி வரவு-பற்று, பேஸ் அம்பேல்.

"3 வாட்டா?" என்று சிரிக்காதீர்கள். டேப்ரெக்கார்டர் காலத்தில் அட்டைப்பெட்டிமேல் 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்று போட்டு நம்மை மயக்கினார்களே, அந்த பி.எம்.பி.ஓ.வை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று ஒரு விதியுமே கிடையாது. சின்ன அறைக்கு நிஜமான 3 வாட் போதும். ஆனால் ஜன்னல் அதிராது. கல்யாண மண்டப பேஸ் வேண்டுமென்றால் கல்யாண மண்டபத்துக்குத்தான் போக வேண்டும்.

கடையில் ரெடிமேடாக வாங்கலாமே என்பீர்கள். தாராளமாக. ஆனால் யோசித்துப் பாருங்கள். காலை பத்து முதல் மாலை ஆறு வரை ஃபைலை ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குத் தள்ளுகிறோம். அது எங்கே போய் முடிந்தது, யாருக்கு என்ன பிரயோஜனம், ரிட்டயர் ஆகும்வரை தெரிவதில்லை. தப்பாக இருந்தால் மட்டும் மெமோ வரும். இந்தக் குழாய் அப்படியில்லை. அரை மணியில் தீர்ப்பு சொல்லிவிடும். ஒலி மந்தமாக இருந்தால் பஞ்சைக் குறை. மெலிந்திருந்தால் கசிவைத் தேடு. காரணம் தெரியும், திருத்த வழியும் நம் கையில். மாதச் சம்பளக்காரனுக்கு இந்தப் பாக்கியம் எத்தனை இடத்தில் கிடைக்கும்?

எல்லாம் முடிந்ததும் நன்றாகத் தெரிந்த ஒரு பழைய இளையராஜா பாட்டைப் போடுங்கள். குரலை விட்டுவிட்டு அடியில் நடக்கிற பேஸ் கிடாரைக் கவனியுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் அந்த மனுஷன் வாசித்ததே தெரிந்திருக்காது.