"எனக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க!" எய்ட்ஸ் சர்வேயில் ஆண்கள் உண்மை சொல்வார்களா?

கள்ளக்குறிச்சி –

உளுந்தூர்பேட்டை அருகே உள்ள கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோவில் திருவிழா நடக்கிறது. பல மாநிலங்களில் இருந்து வரும் திருநங்கைகள் இங்கே தாலி கட்டிக் கொள்கிறார்கள். ஆண்களும் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். எய்ட்ஸ் தடுப்புக் குழுவினர் ஆணுறைகளை இலவசமாகக் கொடுப்பது வழக்கம்.

எத்தனை ஆணுறை கொடுத்தோம் என்று எண்ணிவிடலாம். எத்தனை பேர் பயன்படுத்தினார்கள்? அதை எண்ண முடியாது. ஆண்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலவச ஆணுறை எங்கே வைப்பது, ரத்தப் பரிசோதனை முகாம் எங்கே போடுவது என்பதை முடிவு செய்ய இந்தப் பதில்கள்தான் வழிகாட்டி. பதில் பொய்யாகிப் போனால் பணம் ஒரு ஊருக்கும் நோய் இன்னொரு ஊருக்கும் போய்ச் சேரும்!

தொடங்கியது சென்னையில்

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கம் அமைந்தது. 1996 முதல் சென்னை வி.எச்.எஸ். நிறுவனத்தின் எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தினர் லாரி டிரைவர்கள், கிளீனர்கள், ஆலைத் தொழிலாளிகள் உள்ளிட்டோரிடம் ஆண்டுதோறும் சர்வே எடுத்தார்கள். 2003-ல் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விளம்பரம் ஊரெல்லாம் பேச்சானது.

பலன் இருந்ததா? இருந்தது. தமிழ்நாடு உள்பட 4 மாநிலங்களில், கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்த 15 முதல் 24 வயதுப் பெண்களில் 2000-ல் 100-க்கு 1.7 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 2004-ல் அது 1.1 ஆகக் குறைந்தது. ஆண்களின் நடத்தை மாறியதும் ஆணுறைப் பயன்பாடு கூடியதும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆண் எச்சரிக்கையாக இருந்தால் வீட்டில் இருக்கும் பெண் பிழைக்கிறாள். விஷயம் அவ்வளவுதான்.

கடையில் கேட்கவே கூச்சம்

1968-ல் நிரோத் விற்பனைக்கு வந்தபோது 3 ஆணுறை 15 பைசா. டீத்தூள், சோப்பு கம்பெனிகள் மூலமாகப் பெட்டிக்கடை வரைக்கும் வந்தது. அப்போது அது குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனம். ஆனால் தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் பெண்கள் செய்துகொள்ளும் ஆபரேஷன்தான். மனைவிக்கு ஆபரேஷன் ஆகிவிட்டால் "நமக்கு எதுக்கு அது?" என்று ஆண்கள் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஆணுறை வாங்குகிறவரை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறது.

கடைக்காரரிடம் கேட்கவே கூச்சப்படுகிறவர், நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் நிற்கும் ஆளிடம் என்ன சொல்வார்? "எனக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க" என்பார்!

ஓட்டுப் பெட்டி முறை

இதற்கு ஒரு வழி இருக்கிறது. வாக்குச்சாவடி முறை என்று பெயர். பத்துப் பன்னிரண்டு பேரை ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி தடுப்புக்குள் உட்கார வைக்கிறார்கள். ஒருவர் கேள்வியைச் சத்தமாகப் படிப்பார். ஆமாம் என்றால் ஒரு பெட்டியில் சீட்டு, இல்லை என்றால் இன்னொரு பெட்டியில் சீட்டு. பெயர் கிடையாது, எழுதப் படிக்கத் தெரியவேண்டியதும் இல்லை. கர்நாடகத்தில் இப்படிக் கேட்டபோது, நேருக்கு நேர் கேட்டதைவிடக் கூடுதலான ஆண்கள் உண்மையை ஒப்புக்கொண்டார்கள்.

கேள்வியிலும் சூட்சுமம் உண்டு. "எப்பவும் போடுவீங்களா?" என்றால் "ஆமா" என்று வந்துவிடும். "கடைசித் தடவை போட்டீங்களா?" என்று கேட்டால்தான் ஆள் யோசிப்பார். யாரோடு என்பதும் முக்கியம். பெண்களைப் பற்றி மட்டும் கேட்டால், ஆண்களோடும் திருநங்கைகளோடும் உறவு வைப்பவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள்.

யாரை விட்டுவிடக் கூடாது?

2019 நவம்பர் 26-ல் உதயமான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இந்தக் கணக்கு எளிதல்ல. சென்னை–திருச்சி சாலையில் உள்ள உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலை பிரிகிறது. இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. மேற்கே கல்வராயன் மலை. அங்குள்ள மலையாளி பழங்குடி ஆண்கள் பலர் கூலி வேலைக்கு வெளி மாநிலம் போகிறார்கள். மாதக்கணக்கில் வீட்டை விட்டு இருப்பவர் யாராக இருந்தாலும் ஆபத்து உண்டு. இதில் மலை, சமவெளி என்ற பேதம் கிடையாது.

ஆண்கள் வெளியூரில் இருக்கும் மாதத்தில் வெள்ளிமலைக்குப் போய் சர்வே எடுத்தால் வீட்டில் யார் இருப்பார்கள்? கிழவர்கள்தான் பதில் சொல்வார்கள். வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும் பொங்கல், திருவிழா நாட்களில் போக வேண்டும். லாரி நிற்கும் இடத்திலும் கூவாகத்திலும் மட்டும் கேட்டுவிட்டு மாவட்டக் கணக்கு என்று எழுதினால் அது பாதிக் கணக்குதான்.

பயம் வேண்டாம்

சோதனை செய்தால் பெயர் வெளியே போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் பொதுவாக வெளியிடக் கூடாது. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். 2004 முதல் கூட்டு மருந்து சிகிச்சையும் இலவசம். விவரம் கேட்க 1097-க்கு போன் செய்யலாம், கட்டணம் கிடையாது.

சர்வே எடுக்க வருகிறவருக்கு உங்கள் பெயர் தேவையில்லை. உண்மையான பதில்தான் தேவை.